படகில் ஏறும் முன்: பள்ளிக்கரணைத் தண்ணீர் முட்டுக்காடு போகும் வழி

பெருநாள் முடிந்த மறுநாளோ கோடை விடுமுறையின் முதல் வாரமோ வந்துவிட்டால், "எங்கே போகலாம்?" என்ற பேச்சு எல்லா வீட்டிலும் தொடங்கிவிடுகிறது. இப்போது பிள்ளைகள் கைபேசியில் வெனிஸ் நகரத்துக் கால்வாய்ப் படகுகளையும் ஆலப்புழை படகு வீடுகளையும் காட்டுகிறார்கள். "இந்த மாதிரி நம்ம குடும்பத்துக்கு மட்டும் ஒரு படகு எடுத்துப் போகலாமா?" என்று கேட்கிறார்கள்.

அந்த ஆசையில் தவறு ஏதுமில்லை. கூட்டத்தில் இடிபடாமல் பெண்கள், பெரியவர்கள், குழந்தைகள் என்று எல்லோரும் நிம்மதியாக உட்கார்ந்து, அல்லாஹ்வின் படைப்பைப் பார்த்துவிட்டு வருவது நல்ல பொழுதுபோக்குதான். ஆனால் பள்ளிக்கரணையிலும் மேடவாக்கத்திலும் தாம்பரத்திலும் குடியிருக்கும் நம்மில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. நம் சென்னையும் ஒரு கால்வாய் நகரம்தான். அந்தக் கால்வாயில் குடும்பத்தோடு படகில் போகும் இடம் நம் வீட்டிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. அங்கே நம் படகுக்கு அடியில் ஓடும் தண்ணீரில் ஒரு பங்கு, நம் தெருவில் பெய்த மழைத் தண்ணீர்.

பசிக் காலத்தில் வெட்டிய கால்வாய்

பக்கிங்காம் கால்வாய் என்ற பெயரைக் கேட்டதும் இன்று மூக்கைப் பொத்திக்கொள்ளத்தான் தோன்றுகிறது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் நிலைமை வேறு. 1801-ஆம் ஆண்டு பசில் காக்ரேன் என்ற வணிகர் சென்னையிலிருந்து வடக்கே எண்ணூருக்கு ஒரு கால்வாய் வெட்டத் தொடங்கினார். 1806-ல் அது முடிந்தது. பிறகு அரசு அதை எடுத்துக்கொண்டு வடக்கேயும் தெற்கேயும் நீட்டியது.

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைக் கொடும் பஞ்சம் வாட்டியது. இலட்சக்கணக்கானோர் மடிந்தார்கள். அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்தவர் பக்கிங்காம் கோமகன். பஞ்ச நிவாரண வேலையாக, கூவம் ஆற்றையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர் பகுதி தோண்டப்பட்டது. பசியோடு வந்தவர்கள் மண் சுமந்து கூலி பெற்றார்கள். கால்வாய்க்கு ஆளுநரின் பெயர் வைக்கப்பட்டது. தோண்டியவர்களின் பெயர் எங்கும் இல்லை.

ஆந்திராவின் பெத்த கஞ்சாம் முதல் நம் மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர் நீளத்துக்கு இந்த நீர்வழி இருந்தது. விறகு, நெல், உப்பு, சுண்ணாம்புக் கிளிஞ்சல் எல்லாம் இதில்தான் சென்னைக்கு வந்தன. காற்று இருந்தால் பாய் விரிப்பார்கள். இல்லையென்றால் கழி ஊன்றித் தள்ளுவார்கள், அல்லது கரையில் நடந்தபடி கயிறு கட்டி இழுப்பார்கள். சரக்கு மட்டுமல்ல, மனிதர்களும் போனார்கள். சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்கு நண்பர்களோடு இந்தக் கால்வாயில் படகில் போன அனுபவத்தைப் பாரதிதாசன் 'மாவலிபுரச் செலவு' என்று பாட்டாகவே எழுதியிருக்கிறார். 'செலவு' என்றால் அங்கே பயணம் என்று பொருள்.

தண்ணீரும் படகும் தமிழ் முஸ்லிம்களுக்குப் புதியவை அல்ல. காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர், பழவேற்காடு என்று நம் பழைய ஊர்கள் எல்லாம் கடலையும் கழிமுகத்தையும் நம்பி வளர்ந்தவை. மரக்காயர் என்ற பெயரையே மரக்கலத்தோடு சேர்த்துப் பேசுவது வழக்கம். கோவளமும் ஆற்காட்டு நவாபுகளின் காலத்தில் கோட்டையோடு இருந்த துறைமுக ஊர்.

ரயிலும் லாரியும் வந்தபின் கால்வாயின் மதிப்பு குறைந்தது. 1960-களில் அடித்த புயல்கள் அதைச் சிதைத்தன. நகரத்துக் கழிவுநீர் அதில் விடப்பட்டது. 1990-களில் பறக்கும் ரயிலுக்கான தூண்கள் கால்வாயிலும் கரையிலும் எழுந்தன. 1997-ல் திருமயிலை வரை ரயில் ஓடியது, கீழே கால்வாய் சாக்கடையாக ஒடுங்கியது. 2008-ல் இந்தக் கால்வாயையும் சேர்த்து தேசிய நீர்வழி எண் 4 என்று அறிவித்தார்கள். ஆனாலும் சென்னை நகருக்குள் குடும்பத்தோடு படகில் போகும் நிலை இன்றுவரை திரும்பவில்லை.

நம் தெருத் தண்ணீர் போகும் வழி

நகருக்குத் தெற்கே கால்வாய்க்கு இன்னும் கொஞ்சம் உயிர் இருக்கிறது. காரணம், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் கோவளத்துக் கடல்வாயும்.

தாம்பரம் பக்கம் பெய்யும் மழை எங்கே போகிறது என்று பார்ப்போம். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகள் ஒன்று நிறைந்து அடுத்ததற்கு வழியும்படி அமைந்தவை. கடைசியில் எல்லாம் பள்ளிக்கரணைக்கு வந்து சேர்கின்றன. நம் முன்னோர் இதைக் கழுவெளி என்றார்கள். மழைக்காலத்தில் தண்ணீரை வாங்கி வைத்துக்கொண்டு, மெல்ல மெல்ல வெளியே விடும் பரந்த தாழ்நிலம் அது. பெரிய பஞ்சைப் போல என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

அங்கிருந்து தண்ணீர் வெளியேற முக்கியமான வழி ஒக்கியம் மடுவு. துரைப்பாக்கத்தில் பழைய மாமல்லபுரம் சாலையின் பாலத்துக்கு அடியில் போவது அதுதான். மடுவு பக்கிங்காம் கால்வாயில் சேர்கிறது. கால்வாய் தெற்கே திரும்பி, காரப்பாக்கம், சோழிங்கநல்லூர், செம்மஞ்சேரி, நாவலூர் பக்கமாகப் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் ஓடி முட்டுக்காட்டை அடைகிறது. அங்கேதான் அது அகலமான உப்பங்கழியாக விரிந்து கடலைத் தொடுகிறது. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுக் குழாம் இருக்கும் இடமும் அதுவே.

ஆகவே முட்டுக்காட்டில் படகில் ஏறும் தாம்பரத்துக் குடும்பம், தன் வீட்டுக் கூரையில் விழுந்த மழையின் மேலேயே பயணம் செய்கிறது. "இந்தத் தண்ணி எங்கேருந்து வருது?" என்று பிள்ளை கேட்டால் "கடல்லேருந்து" என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். பாதிப் பதில்தான் அது. மீதிப் பாதி நம் தெருவிலிருந்து தொடங்குகிறது.

குடும்பத்தோடு படகில் போகும்போது

தனிப் படகு என்றால் ஒரு படகை நம் குடும்பத்துக்கு மட்டும் குறிப்பிட்ட நேரத்துக்கு எடுத்துக்கொள்வது. துடுப்புப் படகு, மோட்டார் படகு, விரைவுப் படகு என்று வகைக்கும், ஏறக்கூடிய ஆட்களின் எண்ணிக்கைக்கும், நேரத்துக்கும் ஏற்ப கட்டணம் மாறும். பெரியவர்களும் கைக்குழந்தையும் இருக்கும் குடும்பத்துக்கு மோட்டார் படகு வசதி. விரைவுப் படகு குலுக்கும். கர்ப்பிணிகளும் முதுகுவலி உள்ளவர்களும் தவிர்ப்பது நல்லது. பெருநாள் அன்றும் மறுநாளும் கூட்டம் நெரியும். வேறொரு நாள் காலையில் போய், லுஹருக்கு முன் முடித்துக்கொண்டால் வெயிலும் குறைவு, தொழுகையும் தவறாது.

இங்கே கண்டிப்பாகச் சொல்ல வேண்டிய இரண்டு சம்பவங்கள் உண்டு. 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டு ஏரியில் சுற்றுலா வந்தவர்கள் ஏறிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். 2023 மே 7 அன்று கேரளாவின் தானூரில் மாலை நேரத்தில் அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அவர்களில் 11 பேர் ஒரே குடும்பம், குழந்தைகள் பலர். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். இரண்டு இடத்திலும் அவர்கள் நம்மைப் போல விடுமுறையில் பிள்ளைகளை மகிழ்விக்கப் போனவர்கள்தான்.

அதனால் சில விஷயங்களில் விட்டுக்கொடுக்கக் கூடாது:

• அரசு அனுமதி பெற்ற படகுத் துறையில் மட்டும் ஏறுங்கள். கரையில் நின்று "குறைந்த காசுக்குக் கூட்டிப் போறேன்" என்று அழைக்கும் மீன்பிடிப் படகு வேண்டாம்.

• படகில் எத்தனை பேர் ஏறலாம் என்று கேளுங்கள். மடியில் உட்கார வைத்த குழந்தையும் ஓர் ஆள்தான்.

• உயிர்காப்பு மேலாடை எல்லோருக்கும் வேண்டும். குழந்தைக்குப் பெரியவர்களின் ஆடையைப் போட்டால், தண்ணீரில் விழும்போது ஆடை மேலே மிதக்கும், குழந்தை நழுவிவிடும். சிறிய அளவு கேட்டு வாங்கி, எல்லா வாரையும் இறுக்கிக் கட்டுங்கள். அளவு இல்லையென்றால் அன்று படகு வேண்டாம்.

• புர்கா, துப்பட்டாவுக்கு மேலே மேலாடையை அணியலாம். உள்ளே மறைத்து அணியக் கூடாது.

• படம் எடுக்க எழுந்து நிற்காதீர்கள். எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தால் படகும் சாயும்.

• அந்தி நேரத்திலும் மழை இருண்டு வரும்போதும் ஏறாதீர்கள்.

வாகனத்தில் ஏறும்போது நாம் ஓதும் துஆ சூரா ஸுக்ருஃபில் வருகிறது (43:13-14). அதற்கு முந்திய வசனத்தில் கால்நடைகளோடு கப்பல்களையும் அல்லாஹ் சொல்லிக் காட்டுகிறான். காரில் ஏறும்போது ஓதப் பழகிய பிள்ளைக்கு, படகில் உட்கார்ந்து அந்தத் துஆவை ஓதும்போது அதன் பொருள் இன்னும் நன்றாக விளங்கும். தண்ணீரை அடக்கும் வலிமை நமக்கு இல்லை. நமக்காக வசப்படுத்தித் தந்தவன் அவன்.

படகு வாசலுக்கு வந்த நாட்கள்

நாம் காசு கொடுத்துப் படகில் ஏறியது முட்டுக்காட்டில். ஆனால் காசு கேட்காமலேயே படகு நம் வாசலுக்கு வந்த நாட்களும் உண்டு.

2015 டிசம்பரை யாரும் மறக்கவில்லை. 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது பள்ளிக்கரணையில் கார்கள் பொம்மைகளைப் போல மிதந்து போன காணொளியை உலகமே பார்த்தது. வேளச்சேரி, மடிப்பாக்கம், பெரும்பாக்கம், முடிச்சூர் என்று தெருத்தெருவாகப் படகு வந்தது. மூத்தவர்களையும் பச்சிளம் குழந்தைகளையும் படகில் இறக்கி வெளியே கொண்டு வந்தார்கள். 2015-ல் பள்ளிவாசல்களின் கதவுகள் எல்லா மதத்தவருக்கும் திறந்திருந்தன. நம் இளைஞர்கள் இடுப்பளவு தண்ணீரில் உணவும் பாலும் சுமந்தார்கள். அல்ஹம்துலில்லாஹ். அது நமக்குக் கிடைத்த பாக்கியம்.

ஆனால் தண்ணீர் வடிந்ததும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அந்தத் தண்ணீர் ஏன் நம் வீட்டுக்குள் வந்தது?

ஒரு காலத்தில் பள்ளிக்கரணைக் கழுவெளி 5,000 ஹெக்டேருக்கும் மேல் பரந்திருந்தது. 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டபோது குறிக்கப்பட்ட பரப்பு சுமார் 1,247 ஹெக்டேர். இடையில் காணாமல் போன நிலத்தில்தான் சாலைகளும், கணினி நிறுவனங்களின் கட்டடங்களும், அரசு அலுவலகங்களும், அடுக்குமாடிகளும், நம் வீடுகளும் நிற்கின்றன. பெருங்குடியில் நகரத்தின் குப்பை பல பத்தாண்டுகளாகக் கழுவெளியிலேயே கொட்டப்பட்டது. தண்ணீர் தங்க இடம் குறைந்துவிட்டது. வெளியே போக இருப்பதோ ஒரு மடுவும் ஒரு கால்வாயும். கடல்வாயில் மணல் சேர்ந்தாலோ, கடல் ஏற்றம் இருந்தாலோ, கால்வாயில் ஆகாயத் தாமரை அடைத்தாலோ தண்ணீர் நின்றுவிடும். நின்ற தண்ணீர் பின்னோக்கி ஏறும். முட்டுக்காட்டில் வடியாத தண்ணீர்தான் பள்ளிக்கரணையில் நம் வாசற்படி ஏறுகிறது.

இதில் இன்னொரு வேதனையும் உண்டு. நகருக்குள் ஆற்றங்கரையிலும் கால்வாய்க் கரையிலும் குடிசை போட்டிருந்த ஏழைகளை, "வெள்ள ஆபத்து" என்று சொல்லிக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் குடியிருப்புகளுக்கு மாற்றினார்கள். அவையும் இந்தக் கழுவெளியை ஒட்டிய தாழ்வான பகுதிகள். மழை வந்தால் அங்கேயும் தண்ணீர் சூழ்கிறது.

ஒரே கப்பலில் இருப்பவர்கள்

நபி (ஸல்) அவர்கள் சொன்ன ஓர் உவமை ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. நுஃமான் பின் பஷீர் (ரலி) அறிவிக்கிறார்கள். அதன் கருத்து இது: ஒரு கூட்டத்தார் சீட்டுக் குலுக்கிக் கப்பலில் இடம் பிடித்தார்கள். சிலருக்கு மேல்தளம், சிலருக்குக் கீழ்த்தளம். கீழே இருந்தவர்கள் தண்ணீருக்காக ஒவ்வொரு முறையும் மேலே போக வேண்டியிருந்தது. மேலே உள்ளவர்களுக்குத் தொந்தரவு கொடுக்காமல், நம் பகுதியில் ஒரு துளை போட்டுக்கொள்ளலாமே என்று அவர்கள் நினைத்தார்கள். அவர்களை அப்படியே விட்டால் எல்லோரும் அழிவார்கள். கையைப் பிடித்துத் தடுத்தால் எல்லோரும் பிழைப்பார்கள்.

இந்த உவமையில் கவனிக்க வேண்டியது, துளை போட நினைத்தவர்களுக்குக் கெட்ட எண்ணம் இல்லை. "என் இடத்தில்தானே செய்கிறேன்" என்பதே அவர்களின் வாதம். கழுவெளி ஓரத்தில் ஒரு மனையை மண் போட்டு மேடாக்குபவரும் அதைத்தான் சொல்கிறார். தன் வீட்டுக் கழிவுநீரை மழைநீர் வடிகாலில் திருப்பிவிடுபவரும் அதைத்தான் சொல்கிறார். ஒரு வீட்டின் மேடு அடுத்த வீட்டின் பள்ளம் ஆகிறது.

துளைகள் எல்லாம் ஒரே அளவும் அல்ல. ஒரு ஏழைக் குடும்பத்தின் குடிசையும், ஏக்கர் கணக்கில் எழும்பிய கட்டடமும், மாநகரக் குப்பை மலையும் ஒன்றாகிவிடாது. பெரிய துளைகளைப் பற்றி அதிகாரிகளிடமும் மக்கள் பிரதிநிதிகளிடமும் கேட்கும் உரிமை நமக்கு உண்டு; கேட்பது கடமையும்கூட. அதே நேரத்தில் நம் கையில் இருக்கும் சிறிய துளைகளை நாமே அடைத்தாக வேண்டும்.

நம் கையில் இருப்பவை

குர்பானிக் கழிவு: ஒவ்வொரு ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகும் சில இடங்களில் குடலும் தோல் துண்டுகளும் கால்வாய் ஓரத்தில் கிடப்பதைப் பார்க்கிறோம். இபாதத்தின் மிச்சம் பக்கத்து வீட்டாருக்குத் துன்பமாகலாமா? ஜமாஅத் முன்கூட்டியே இடம் ஒதுக்கி, குழி தோண்டிப் புதைக்கவோ, உள்ளாட்சி வண்டியில் ஒப்படைக்கவோ ஏற்பாடு செய்ய வேண்டும்.

இஃப்தாரும் வலீமாவும்: நோன்புக் கஞ்சிக் குவளைகளும் பிரியாணித் தட்டுகளும் மழைநீர் வடிகாலின் வாயை அடைக்கின்றன. கழுவிப் பயன்படுத்தும் பாத்திரத்துக்கு மாறிய பள்ளிவாசல்கள் இருக்கின்றன. மற்றவர்களும் மாறலாம்.

மனை வாங்கும்போது: விலை குறைவு என்று மட்டும் பார்க்காதீர்கள். சர்வே எண்ணை வைத்துப் பழைய வருவாய்ப் பதிவேட்டில் அந்த நிலம் என்னவென்று குறிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ஏரி, கழுவெளி, வாய்க்கால், மேய்க்கால் என்று இருந்தால் விலகிவிடுங்கள். அந்தத் தெருவில் நீண்ட நாள் குடியிருப்பவரிடம் 2015-லும் 2023-லும் தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்று கேளுங்கள். வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வாங்கும் வீடு அது.

மழைக்கு முன்: ஐப்பசி மழை பிடிப்பதற்குள், மஹல்லா இளைஞர்கள் ஒரு நாள் ஒதுக்கித் தெருவின் வடிகால் வாய்களைப் பார்க்கலாம். அடைப்பைப் படம் எடுத்து மாநகராட்சியில் புகார் பதியலாம். பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். வடிகாலை அடைத்திருக்கும் பிளாஸ்டிக் பையும் இடையூறுதான். தேங்கி நிற்கும் நீரில் சிறுநீர் கழிப்பதையே தடுத்த மார்க்கம் நம்முடையது.

ஜும்ஆ மேடையில்: வெள்ளம் வந்த பிறகு நிவாரணத்துக்கு அழைப்பு விடும் குத்பா நமக்குப் பழக்கம். வெள்ளம் வருவதற்கு முன் தண்ணீரைப் பற்றி ஒரு குத்பா கேட்டால் நன்றாக இருக்கும்.

அடுத்த விடுமுறையில் பிள்ளைகள் படகு கேட்டால், இன்ஷா அல்லாஹ், அழைத்துப் போங்கள். போகும் வழியில் பள்ளிக்கரணைச் சாலையோரம் பாதுகாப்பான இடத்தில் ஐந்து நிமிடம் வண்டியை நிறுத்தி, பூநாரையும் கூழைக்கடாவும் மேயும் நீர்வெளியைக் காட்டுங்கள். துரைப்பாக்கத்தில் ஒக்கியம் மடுவுப் பாலத்தைக் காட்டுங்கள். பிறகு முட்டுக்காட்டில் படகில் ஏறுங்கள். ஒரே தண்ணீரை மூன்று இடத்தில் பார்த்த பிள்ளை, கையில் இருக்கும் சிப்ஸ் பாக்கெட்டின் உறையைத் தண்ணீரில் வீசத் தயங்கும். அந்தத் தயக்கம் நம்மிடமும் வந்துவிட்டால் அதுவே பெரிய விஷயம்.

நம்மை ஒரே கப்பலில் ஏற்றியிருக்கும் அல்லாஹ், அதைத் துளையில்லாமல் கரை சேர்க்கும் பொறுப்புணர்வை நமக்குத் தருவானாக. வெள்ளத்தின் தீங்கிலிருந்து நம் வீடுகளையும் அண்டை வீட்டாரையும் காப்பானாக. ஆமீன்.